தண்டோரா: சிற்றூர்ச் செய்தி அறிவிப்பின் வரலாறு

தண்டோரா என்பது பறை அல்லது தமுக்கு அடித்து மக்களைக் கூட்டி, ஊர்ச் செய்தியை உரத்த குரலில் அறிவிக்கும் முறையாகும். பறைசாற்றுதல், தமுக்கடித்தல் என்றும் இதனைக் கூறுவர். செய்தித்தாளும் வானொலியும் எட்டாத காலத்தில், சிற்றூர்களில் பொதுச் செய்திகள் பெரும்பாலும் இவ்வழியாகவே பரவின.

பழைமை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையின் முதற் காதைக்கே 'விழாவறை காதை' என்று பெயர். புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவை, யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறிவித்த செய்தி அதில் இடம்பெறுகிறது. வாழையும் கரும்பும் நடவேண்டும், தெருக்களில் புதுமணல் பரப்பவேண்டும், பகைவரோடு பூசலிடாமல் விலகிச் செல்லவேண்டும் என்பன அவ்வறிவிப்பின் சில பகுதிகள்.

சட்டத்தில் பறை

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இம்முறையை ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் அசையாச் சொத்தை ஜப்தி செய்யும்போது, அந்த ஆணையைச் சொத்து உள்ள இடத்திலோ அதன் அருகிலோ பறையடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று 21ஆம் கட்டளையின் 54ஆம் விதி கூறுகிறது. ஆணையின் நகலை ஒட்டவும் வேண்டும். எழுத்தறியாதவர் மிகுந்திருந்த காலத்தில், ஒட்டிய தாளைவிடப் பறையின் ஒலியே பலருக்கும் எட்டியது.

ஊர் வழக்கு

வரி கட்டக் கடைசி நாள், ஏரி மீன் ஏலம், கோயில் திருவிழா, ஊர்க்கூட்டம் ஆகியவை தண்டோராவில் வரும் செய்திகள். தெருமுனையில் பறை ஒலித்ததும் வீட்டிலிருப்போர் வாசலுக்கு வருவர். "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று அறிவிப்புத் தொடங்கும்.

அறிவித்தவர் நிலை

இவ்வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் தெருத்தெருவாக நடந்தவருக்குக் கிடைத்த கூலி சொற்பம். ஊர்க்கூட்டத்திற்கு எல்லாரையும் அழைத்தவருக்கு, அக்கூட்டத்தில் சமமாக அமரும் உரிமை பல ஊர்களில் இருந்ததில்லை. ஊரார் அவரது குரலைக் கேட்டனர். அவரது கருத்தைக் கேட்டதில்லை.

முடிவு

2022 ஆகஸ்டில், அன்றைய தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தொழில்நுட்பம் வளர்ந்துள்ள நிலையில் தண்டோரா தொடரத் தேவையில்லை, வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்திச் செய்திகளை அறிவிக்கலாம், மீறி ஆட்களை ஈடுபடுத்துவோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார்.

பறை இன்று மேடைகளில் கலையாகப் பெருமையுடன் ஒலிக்கிறது. விரும்பி இசைப்பதும் கட்டாயத்தால் அடிப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மாணவர்கள் தம் ஊர்ப் பெரியவர்களிடம், தண்டோரா போட்டவர் யார், என்ன கூலி பெற்றார், எப்படி நடத்தப்பட்டார் என்று கேட்டு எழுதி வைக்கலாம். அவர் அறிவித்த செய்திகள் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கக்கூடும். அவரைப் பற்றிய செய்தி முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது.