பொருளும் வாக்கியமும்: தொடக்கக் கழித்தல் கற்பித்தல் குறித்து

கோலாலம்பூரின் பங்சார் வட்டாரத்தில் நான்கைந்து வயதுக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தர நினைக்கும் பெற்றோர் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மரக்கோல்களும் மணிச்சரங்களும் அடுக்கிய தனியார் பாலர் பள்ளி. மற்றொன்று, தாள் தாளாகப் பயிற்சி கொடுக்கும் டியூஷன் நிலையம். முன்னது பொருளை நம்புகிறது, பின்னது பழக்கத்தை. கல்வியாளர்கள் பெரும்பாலும் முன்னதன் பக்கம் நிற்கிறார்கள்: பயிற்றுத் துணைப்பொருள் கையில் இருந்தால் புரிதல் தானே வரும் என்பது அவர்கள் கணிப்பு. சேர்த்தலில் இந்த நம்பிக்கை ஓரளவு பலிக்கும். கழித்தலில் குழந்தை தடுமாறுவதற்குப் பெருங்காரணம் நாம் கேட்கும் கேள்வியின் வாக்கிய அமைப்பே என்பதும், அதைத் தொடாமல் பொருளை மட்டும் மாற்றுவது வீண் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சேர்த்தல் ஏன் எளிது? 5 ரம்புத்தானோடு 3 ரம்புத்தான் சேர்த்தால் மேசைமேல் நடப்பதும் தாளில் எழுதுவதும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டு குவியல் ஒரு குவியல் ஆகிறது, குழந்தை எண்ணிச் சொல்கிறது. கழித்தலில் 8 − 5 என்ற ஒரே எழுத்துக்குள் குறைந்தது மூன்று கதைகள் ஒளிந்திருக்கின்றன. 8 பழத்தில் 5 தின்றாயிற்று, மிச்சம் எத்தனை? அண்ணனிடம் 8, தங்கையிடம் 5, யாரிடம் எத்தனை அதிகம்? தங்கையிடம் 5 இருக்கிறது, 8 ஆக இன்னும் எத்தனை வேண்டும்? புளியங்கொட்டையோ பொத்தானோ முதல் கதைக்கு மட்டுமே இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டாம் கதையில் எதையும் எடுத்துவிட முடியாது. அண்ணனுடைய 8 பழமும் தங்கையுடைய 5 பழமும் சேர்ந்து 13 பழங்கள் மேசைமேல் கிடக்கின்றன, விடையான 3 தனியாக எங்கும் இல்லை. எடுத்துவிடுவதை மட்டுமே செய்து பழகிய குழந்தை இங்கே திகைப்பது அதன் மந்தம் ஆகாது.

மரியா மாண்டிசோரி இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார் என்றே அவருடைய எண்கோல்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது. 1939 நவம்பரில் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். கோல்கள் பத்து. முதற்கோல் 10 சென்டிமீட்டர், பத்தாவது 1 மீட்டர். ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை, சிவப்பும் நீலமும் மாறிமாறி. எட்டாம் கோலுக்குக் கீழே ஐந்தாம் கோலை வைத்தால் வித்தியாசம் இடைவெளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அதில் மூன்றாம் கோல் அப்படியே பொருந்துகிறது. ஒப்பீட்டுக் கதைக்கும் நிறைவு செய்யும் கதைக்கும் இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பங்சார் பாலர் பள்ளிகள் விலைகொடுத்து வாங்கும் இதே கோல்களைக் கட்டம் போட்ட தாளை வெட்டி அட்டையில் ஒட்டியும் செய்துகொள்ளலாம், நீளம் சரியாக இருந்தால் போதும்.

ஆனாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரிவது வேறு, கேள்வி அந்த இடைவெளியைத்தான் கேட்கிறது என்று புரிவது வேறு. 1983-இல் வெளியான ஆய்வாளர் ஹட்சனின் ஆய்வு இங்கே தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையது. அவர் பிள்ளைகளுக்குப் பறவைகளும் புழுக்களும் உள்ள படங்களைக் காட்டினார். பறவைகள் புழுக்களைவிட எத்தனை அதிகம் என்ற கேள்விக்குப் பள்ளிக்கு முந்தைய வயதினரில் 17 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். பறவைகள் எல்லாம் ஓடிவந்து ஆளுக்கொரு புழு எடுத்தால், எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது 83 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். முதல் வகுப்பில் இதே அளவுகள் 64, 100. படம் மாறவில்லை, எண் மாறவில்லை, கேள்வி மட்டுமே மாறியது. ஒன்றுக்கொன்று இணைத்துப் பார்க்கும் திறன் அந்தப் பிள்ளைகளிடம் முன்பே இருந்தது. 'எத்தனை அதிகம்' என்று கேட்கும் ஒப்பீட்டு வாக்கியம் அதைத் தட்டி எழுப்பவில்லை.

தமிழில் இந்த வாக்கியம் இன்னும் கொஞ்சம் கனமானது. 'தங்கையைவிட அண்ணனிடம் எத்தனை பழங்கள் அதிகம்?' என்பதில் ஒப்பிடப்படும் இருவரையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தச் சொல் வரிசை குழந்தைக்கு வீட்டில் பழக்கமாகியிருந்தால் தொல்லை இல்லை. பங்சாரிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல தமிழ்க் குழந்தைகள் 'ஒன், டூ, த்ரீ' என்று எண்ணப் பழகி, அம்மாவிடம் தமிழும் அண்டை வீட்டாரிடம் மலாயும் பேசி, முதலாம் ஆண்டில் பாடநூல் தமிழைச் சந்திக்கிறார்கள். 'எவ்ளோ கூட இருக்கு?' என்று கேட்டால் புரிந்துகொள்ளும் பிள்ளை 'எத்தனை அதிகம்?' என்பதில் தயங்கக்கூடும். பிரச்சனைக் கணக்கில் தவறு செய்த பிள்ளையை ஆசிரியர் மறுபடி பொத்தான் எண்ணவிடும்போது, நோய் ஓரிடமும் மருந்து ஓரிடமும் ஆகிவிடுகிறது.

மலேசியக் கல்விக் கொள்கை வரலாற்றில் இந்த வாக்கியச் சிக்கல் முழுதாகக் கவனிக்கப்பட்டதில்லை. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கியது. 2009 ஜூலையில் அதைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டு, 2011-இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தது. 2016-இல், விரும்பும் பள்ளிகள் இந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்க இடமளிக்கும் இருமொழித் திட்டம் அறிமுகமாகி, தமிழ்ப்பள்ளிகள் அதை ஏற்பதா என்று தமிழ்ச் சமூகமே இரண்டுபட்டது. அந்த வாதங்கள் மொழியுரிமையையும் கலைச்சொல்லையும் மேற்கல்வி வேலைவாய்ப்பையும் சுற்றியே நடந்தன. அவை முக்கியமானவைதாம். ஆறு வயதுப் பிள்ளைக்கோ கணித மொழி என்பது 'மிச்சம்', 'கூட', 'குறைய', 'இன்னும்' போன்ற அன்றாடச் சொற்கள். கலைச்சொல் பின்னால்தான் வருகிறது. தாய்மொழிக் கணிதத்துக்கு வலுவான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது, நம் தரப்பினர் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை.

காசைக் கொண்டு கழித்தல் கற்பிக்கலாமே என்பார்கள். தெலாவி சாலையின் ஞாயிறு இரவுச் சந்தைக்குக் குழந்தையைக் கூட்டிப்போய் மீதிச் சில்லறை எண்ணவைப்பது பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் நாணயமே ஒரு குறியீடு. 50 சென் நாணயம் 5 சென் நாணயத்தைப் போலப் பத்து மடங்கு பெரியது அன்று, மதிப்பு அதில் கண்ணுக்குத் தெரியாது. மெக்னீலும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், அசல்போன்ற நோட்டும் காசும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் அதிகத் தவறு செய்தார்கள். கருத்துப் பிழைகள் மட்டும் குறைந்தன. போதாக்குறைக்கு 2008 ஏப்ரல் முதல் கடைக் கணக்கு 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது, இப்போது கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் சில்லறையே இல்லை. பல்லாங்குழியும் அதன் மலாய் உறவான சோங்காக்கும் கழித்தல் கற்றுத்தரும் என்பதும் மிகைதான்.  குழிக்கு ஒன்றாகப் போடும் ஒழுங்கை அவை பழக்கும், அதற்குமேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? கழித்தல் பாடத்தைக் கோல்களோடும் 'கிடைக்காது', 'போதாது', 'இன்னும் வேண்டும்' என்ற வாக்கியங்களோடும் தொடங்கி, அதே அடுக்கை வைத்துக்கொண்டே 'எத்தனை கூட' என்றும், பிறகு 'எத்தனை அதிகம்' என்றும் கேள்வியை நகர்த்தலாம். வாக்கியம் மாறும் நேரத்தில் பொருள் மாறக்கூடாது. குழந்தை மூன்று வாக்கியங்களுக்கும் ஒரே கோலை எடுத்துக் காட்டினால், பொருளை மறைக்கும் நேரம் வந்துவிட்டது. 8 பொத்தானில் சிலவற்றைக் கிண்ணத்தால் மூடி, வெளியே 5 தெரியும்படி வைத்து, உள்ளே எத்தனை என்று கேட்கவேண்டும். விரல் மடக்குகிறதா, 'அஞ்சுக்கப்புறம் ஆறு, ஏழு, எட்டு' என்று முணுமுணுக்கிறதா, உடனே சொல்கிறதா என்பதில் அது நிற்கும் படி தெரிந்துவிடும். 2019 முதல் படிநிலை ஒன்றில், அதாவது தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளில், தேர்வுகள் நீக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீடு வந்திருக்கிறது. ஆறு அடைவுநிலைகளில் ஒன்றைக் குறிக்கும்போது, விடை சரியா தவறா என்பதோடு எந்த வாக்கியத்துக்குச் சொன்ன விடை அது என்பதையும் பதிவு செய்தால், மறுநாள் அந்தப் பிள்ளையிடம் எந்தக் கேள்வியோடு உட்காரவேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.