தூசி என்று ஒதுக்கிய சமாச்சாரம்

"மெஷின் படிச்சவனுக்கு ஈரல்ல என்னப்பா வேலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். வயிற்று ஸ்கேன் எடுத்தால் நம்மில் பலருக்கு 'ஃபேட்டி லிவர்' என்று ரிப்போர்ட் வருகிறது. குடிப்பழக்கமே இல்லாதவருக்கும் வருகிறது. அதோடு சம்பந்தப்பட்ட ஒரு ஆராய்ச்சியின் சரித்திரம் எந்தத் துறை மாணவருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

1946-ல் அமெரிக்காவில் சார்காஃப், வெஸ்ட் என்ற இருவர் ரத்தம் உறைவதை ஆராய்ந்தார்கள். செல்கள் நீக்கிய பிளாஸ்மாவை அதிவேக சென்ட்ரிஃபியூஜில் சுற்றியபோது அடியில் ஏதோ படிந்தது. அதை எடுத்துவிட்டால் ரத்தம் உறைய அதிக நேரம் ஆனது. 1967-ல் இங்கிலாந்தில் பீட்டர் வுல்ஃப், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பிளேட்லெட்டிலிருந்து வந்த துணுக்குகள் என்றார். வைத்த பெயர், 'பிளேட்லெட் தூசி'.

1983-ல் இரண்டு குழுக்கள், ஒன்று செயின்ட் லூயிஸில், மற்றொன்று மான்ட்ரியாலில், ஒரே விஷயத்தைக் கண்டன. இளம் சிவப்பணு முதிரும்போது, தனக்கு இனி வேண்டாத புரதத்தைக் குட்டிக் குட்டிப் பைகளில் வைத்து வெளியே தள்ளுகிறது! மான்ட்ரியால் குழுவின் ரோஸ் ஜான்ஸ்டோன் 1987-ல் அதை 'எக்ஸோசோம்' என்றார். சரி, செல்லின் குப்பைக்கூடை என்று பலர் விட்டுவிட்டார்கள்.

1996-ல்தான் திருப்பம். இந்தப் பைகள் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் என்று ராபோசோ குழு காட்டியது. 2007-ல் ஸ்வீடனில் வலாடி, லோட்வால் குழு இவற்றுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது வேறு செல்லுக்குப் போய் வேலை செய்வதையும் காட்டியது. குப்பை இல்லை சார், தபால்!

இப்போது ஈரலுக்கு வருவோம். குடிக்காதவர்களுக்கும் வரும் கொழுப்பு ஈரல் அழற்சிக்கு 1980-ல் 'நாஷ்' என்று பெயர் வைத்தவர் மேயோ கிளினிக்கின் லுட்விக். 2016-ல் அதே மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு, கொழுப்பால் திணறும் ஈரல் செல்கள் இந்தப் பைகளை அதிகமாக அனுப்பி, அழற்சிச் செல்களை உசுப்புகின்றன என்றது. எலிகளில் மருந்து கொடுத்துப் பை வெளியேறுவதைக் குறைத்ததும் அழற்சியும் தழும்பும் குறைந்தன.

இதில் நமக்கு என்ன? இன்று ஈரலின் நிலையை நிச்சயமாக அறிய ஊசி குத்திச் சதை எடுக்கிறார்கள். எடுப்பது ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. பாய்லர் எப்படி எரிகிறது என்று புகையைப் பார்த்தே சொல்கிறோமே, அதுபோல ரத்தத்தில் வரும் பைகளைப் பார்த்து ஈரலைச் சொல்ல முயல்கிறார்கள். இன்னும் ஆராய்ச்சி நிலைதான்; சாதாரண லேபுக்கு வரவில்லை.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே, பரிசோதனையில் அடியில் தங்கும் கசடைக் கொட்டுமுன் ஒருமுறை பாருங்கள். ரிப்போர்ட்டை டிராயரில் போட்டுவிட்ட சீனியர்களே, அதிக எடை இருந்தால் அதில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரல் பெரும்பாலும் தேறுகிறது. இன்று விருந்தில் இரண்டாவது ஜாங்கிரியை ஜூனியருக்கு விட்டுக்கொடுங்கள்.