நஞ்சைப் பிடிக்கும் சர்க்கரை பிறந்த கதை

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிமார் கூட்டிவந்த பாதை அது. வாந்திபேதி கண்டு அதில் விழுந்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. வழியில் கண்ட தண்ணீரைத்தான் குடித்தார்கள். எது கொல்லும் தண்ணீர் என்று பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இருக்கவில்லை. முத்துமாரியம்மன் கோயிலில் நிற்கும்போதெல்லாம் மாத்தளை வந்து சேராதவர்களை நினைத்துக்கொள்வேன்.

வாந்திபேதிக் கிருமியை 1884இல் கல்கத்தாவில் றொபேட் கொக் பிரித்தெடுத்துக் காட்டினார். அது ஆளைக் கொல்லும் விதம் தெரிய மேலும் 75 ஆண்டு பிடித்தது. அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற மருத்துவர், கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமியை முழுக்க வடித்து நீக்கிவிட்டு, மிச்சத்தை முயலின் குடலில் செலுத்தினார். குடல் நீர்கோத்து வீங்கியது. கிருமியே இல்லை, நோய் மட்டும் இருக்கிறது! அது கக்கும் நஞ்சுதான் கொல்கிறது என்பதை அவர் 1959இல் எழுதினார். எனக்கு இந்தக் கதையின் நாயகர் அவர்தான்.

அந்த நஞ்சு குடலுக்குள் எப்படி நுழைகிறது? குடல் உயிரணுவின் மேல் ஜிஎம்1 என்றொரு கொழுப்பு இருக்கிறது. அதன் தலையில் ஐந்து சர்க்கரைத் துணுக்குகள் கோத்திருக்கின்றன. நஞ்சுக்குப் பிடிகள் ஐந்து. அவற்றால் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டபின், விஷப் பகுதியை உள்ளே தள்ளுகிறது. சர்க்கரையைப் பற்றாவிட்டால் அதற்குக் குடலில் இடமில்லை. அப்படியானால் அதே சர்க்கரையை வெளியே வைத்தால் நஞ்சு அங்கேயும் வந்து ஒட்டத்தானே வேண்டும்? ஒற்றுப் பார்க்கும் கருவி பிறந்தது இந்த யோசனையில்.

1993இல் அமெரிக்காவின் பெர்க்லியில் டெபோரா சாரிக்கும் கூட்டாளிகளும் நீலநிறப் படலம் ஒன்றைச் செய்து, அதன்மேல் தாங்களே கட்டிய வேறொரு சர்க்கரையை நட்டார்கள். இன்புளுவென்சா வைரஸ் வந்து பற்றியதும் படலத்தின் மூலக்கூற்றுச் சங்கிலி முறுகி, நீலம் சிவப்பானது. 1996இல் ஜிஎம்1ஐப் பதித்து வாந்திபேதி நஞ்சையும் அவ்வாறே காட்டினார்கள்.

ஆனால் ஜிஎம்1ஐ மாட்டு மூளையிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது. கொஞ்சம்தான் கிடைக்கும், விலையோ அதிகம். அதனால் நஞ்சு பற்றும் பகுதியை மட்டும் வேதியியலர் செயற்கையாகக் கட்டத் தொடங்கினார்கள். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சூரி ஐயரின் குழு, இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஷிகா நச்சைப் பிடிக்க இப்படிச் சர்க்கரைகளைச் செய்தது. நச்சின் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் பிடிக்கும் சர்க்கரை சற்றே வேறு என்பதால், எது வந்திருக்கிறது என்றும் பிரித்தறியலாம்.

குறை இல்லாமல் இல்லை. சுத்தமான கரைசலில் நன்றாக நிறம் மாறும் படலம், சேறும் சருகும் கலந்த தண்ணீரில் தடுமாறும். நஞ்சு மிகக் குறைவாக இருந்தால் பேசாமல் இருந்துவிடும். ஆனாலும் வெயிலில் எளிதில் கெடும் புரதங்களைப்போலன்றி, சர்க்கரைக்குக் குளிர்சாதனப் பெட்டி கட்டாயமில்லை. மலை ஓடையிலிருந்து குழாய்வழி லயத்துக்கு வரும் தண்ணீரில், குடம் வைக்கும் முன் சர்க்கரை பதித்த ஒரு பட்டியை நனைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.