ஓங்கிலை எண்ணிய விஞ்ஞானி



போன ஞாயிற்றுக்கிழமை மீன்காரர் வண்டியை நிறுத்தி, தெர்மாகோல் பெட்டியைத் திறந்து வஞ்சிரத்தைக் காட்டினார். உடனே எனக்கு ஒரு பழைய தப்பு நினைவுக்கு வந்தது. மூங்கில்துறைப்பட்டில் ஐந்தாம் வகுப்பு எடுத்த காலத்தில் சுறா, வஞ்சிரம், டால்பின் என்று மீன்கள் வரிசையில் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். கடலூரில் மாமா வீடு உள்ள ஒரு பையன் எழுந்து, "சார், அது ஓங்கில் சார், மூச்சு வாங்க மேல வரும், மீன் இல்ல" என்றான். உட்காருடா என்று அதட்டிவிட்டேன். அவன் சொன்னதுதான் சரி. இதைப் படித்தால் மன்னித்துவிடப்பா.

ஓங்கில் நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும். ஏறக்குறைய ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அதனால்தான் வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் செத்துப்போகிறது.

இந்தச் சாவுகளை நம் நாட்டில் பொறுமையாகக் கணக்கெடுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஆர்.எஸ்.லால் மோகன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கோழிக்கோடு மையத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். (அந்த நிலையம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் நம் மண்டபத்தில்தான் இருந்தது. நிறையப் பேருக்கு இது தெரியாது.) கோழிக்கோட்டுக் கடலில் செவுள் வலைகளில் சிக்கிச் செத்த ஓங்கில்களை இனம் பிரித்துப் பதிவு செய்து 1985-இல் கட்டுரை வெளியிட்டார். நான்கு இனங்கள் அதில் வருகின்றன. இந்தியக் கரை முழுவதும் செவுள் வலைகளில் ஆண்டுக்கு 1,000 முதல் 1,500 வரை சாகலாம் என்று 1994-இல் மதிப்பிட்டார். 2009-இல் சென்னை, காக்கிநாடா, மங்களூர் இறங்குதளங்களைப் பார்த்து எழுதிய வேறு விஞ்ஞானிகள் 9,000 முதல் 10,000 என்றார்கள். பதினைந்து ஆண்டில் சாவு ஏழு மடங்கானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எண்ணும் முறை வேறு, வலைகளும் படகுகளும் பெருகியிருந்தன. 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஓங்கிலுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. அதனால் வழக்குக்குப் பயந்து செத்ததைக் கடலிலேயே வெட்டிவிட்டு வருபவர்களும் உண்டு. கரைக்கு வராததை யார் எண்ணுவது?

மீனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓங்கில் விழுந்தால் வலை கிழியும், அன்றைய வருமானமும் போகும். பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்ததும் கெட்டது பெரிதானது. அந்த வலையில்தான் நாம் விலை பேசும் வஞ்சிரமும் வருகிறது.

லால் மோகன் கடலோடு நிற்கவில்லை. பிரம்மபுத்திராவில் நதி ஓங்கில்களைக் கணக்கெடுத்து, சக ஆய்வாளர்களோடு 1997-இல் எழுதினார். பின்னாளில் நாகர்கோவிலிலிருந்து குமரி மாவட்டக் குளங்களுக்காகவும் குரல் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அங்கேதான். கடல் படித்தவர் ஏரி குளத்துக்காகப் பேசினார். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு அது புரியும்.

இன்னொரு பழைய கதை. மதராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் 1852-இல் விசாகப்பட்டினத்தில் கிடைத்த ஒரு மொட்டை மூக்கு ஓங்கிலைக் கவனித்து வைத்தார். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் அதை 1866-இல் புது இனமாக விவரித்தார். நம் கரையில் கிடைத்ததற்கு இன்று பர்மா நதியின் பெயர், ஐராவதி ஓங்கில்! சிலிகா ஏரியில் இப்போதும் இருக்கிறது. (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் பெயர் தந்தவர் வேறு எலியட்.)

மணப்பாடு பக்கம் 1973-இல் 147 பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் மறுபடியும் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கலம், குடும்பம் ஓங்கில் குடும்பம். ஊர் மக்கள் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பி வந்து இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்தப் பையன் முகம்தான் வந்தது.

நம் தென்பெண்ணை கடலூர் பக்கம்தான் கடலில் சேர்கிறது. அங்கே இருக்கும் பழைய மாணவர்கள், முகத்துவாரத்தில் ஓங்கிலைப் பார்த்திருந்தால் எந்த மாதம், எத்தனை என்று கீழே எழுதுங்கள். இம்முறை அதட்ட மாட்டேன்.