எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடுதல்

சுங்கை வேயில் என் இல்லத்திற்கு அருகே ஒரு பொதுமண்டபம் உண்டு. பள்ளி விடுமுறையில் இடைநிலைப்பள்ளி மாணவர் சிலர் அங்கே கூடி ஸ்கிராபிள் ஆடுவர். 'க்யூ'வுக்குப் பின் 'யூ' வாராத ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதி வைத்து மனனம் செய்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, தமிழிலும் இப்படி எழுத்தைக் கொண்டு சொல் தேடும் பட்டியல் உண்டா?" என்று வினவினாள். "இல்லையம்மா" என்றேன். தமிழ் மொழியியலிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவன் சொல்லத்தகாத விடை அது. இவ்வுரை அதற்கான திருத்தம்.

அவ்வாட்டத்தின் வரலாறு குறுகியது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என எண்ணிப் பார்த்தார். மிகுந்து வரும் 'ஈ'க்கு 12 கட்டைகள், கட்டைக்கு 1 புள்ளி; அருகி வரும் 'க்யூ'வுக்கு ஒரே கட்டை, 10 புள்ளிகள். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948-இல் அமைந்தது. அதில் வெல்வதற்குச் சொல்லின் பொருள் தெரிய வேண்டுவதில்லை. நெடுங்காலம் மலேசியாவில் வாழ்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். வியக்கத்தக்க நினைவாற்றல்தான், ஆயினும் மொழியறிவு என்று அதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தமிழ்ப் புலவனுக்கு இத்தேவை வேறொரு வாயிலாக வந்தது. அதுவே எதுகை. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். அதற்கு முன் நிற்கும் எழுத்தும் குறிலுக்குக் குறிலாக, நெடிலுக்கு நெடிலாக அமைய வேண்டும். 'வட்டம்' என்று ஓரடி தொடங்கின், அடுத்த அடிக்குப் 'பட்டம்', 'கட்டில்', 'திட்டு' போன்றதொரு சொல் வேண்டும். முதலெழுத்தின் வரிசையில் அடுக்கிய அகராதி இங்கே பயன்படாது. புலவன் சொல்லின் வயிற்றுக்குள் தேட வேண்டியவனாயிருந்தான்.

இதனை நம் நிகண்டாசிரியர் உணர்ந்திருந்தனர். 16-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சூடாமணி நிகண்டில், மண்டலபுருடர் ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியை எதுகை முறையில் அமைத்தார். ககர எதுகை என்றால் இரண்டாம் எழுத்துக் ககரமாகிய சொற்கள் ஓரிடத்தில் நிற்கும். 1594-இல் சிதம்பர ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டோ முதலெழுத்தின் வரிசையைக் கொண்டது. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியில் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள் உள்ளன. நான்காவதாகிய தொடையகராதி, எதுகைக்கு ஒத்துவரும் சொற்களை ஒருங்கு நிரல்படுத்துவது. அம்மாணவி கேட்ட பட்டியல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. நானும் அந்நூலைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். பொருள் தேடியே புரட்டினேன்.

பிற்காலத்தில் யாப்புப் பயில்வோர் குறைந்து, பொருள் தேடுவோர் பெருகினர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதில் முதலெழுத்து தெரிந்தால் எதுவும் கிட்டும். இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்தால் ஒன்றும் கிட்டாது.

தேடல் எதுகையோடு நிற்கவில்லை. எழுத்தைச் சேர்த்துச் சொல் வளர்ப்பதை எழுத்து வருத்தனம் என்றும், எழுத்தை நீக்கிச் சொல் காண்பதை அக்கரச்சுதகம் என்றும் தண்டியலங்காரம் வகுக்கிறது. 'கா' சோலை, ஓரெழுத்துச் சேரக் 'காவி', மேலும் ஒன்று சேரக் 'காவிரி'. 'தாமரை'யில் தலையை நீக்கினால் 'மரை' என்னும் மான். நடுவை நீக்கினால் 'தாரை'. 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் பாடிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இன்னும் கடுமையானது. பகர மகர வகரங்களும், உகரம் ஒகரம் போன்று இதழ் குவியும் உயிர்களும் அதில் வரலாகாது. இத்தகைய பாக்களை வெறும் வித்தை என இகழ்வோர் உளர். பலவற்றைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயினும் அவற்றிலும் சொல் பொருளோடு நின்றே ஆக வேண்டும்.

இன்று தமிழில் கட்டை ஆட்டம் அமைக்க விரும்பும் ஆசிரியர் முதலில் தீர்க்க வேண்டியது, எது ஓரெழுத்து என்பதை. 247 எழுத்துகளுக்கும் கட்டை செய்தால் பலகை தாங்காது. முதலெழுத்து முப்பதே போதும் எனின், 'தாமரை' மூன்றெழுத்தாக இராமல் த், ஆ, ம், அ, ர், ஐ என ஆறாகிவிடும். யாப்பு நூலார் இரண்டு அளவுகளையும் அறிந்திருந்தனர். அதே உயிர்மெய் வருவதோடு, மெய் ஒன்றி உயிர் மட்டும் வேறுபடுவதையும் வருக்க எதுகை என ஏற்றனர். வகுப்பறைக்கு இதுவே எளிய வழி என்பது என் கருத்து. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா; ஆகவே அக்கட்டைகளை இடையிலோ இறுதியிலோதான் வைக்க இயலும் என்பதை மாணவர் நூற்பா இல்லாமலே கண்டுகொள்வர்.

மறுவாரம் மண்டபத்திற்குச் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். இரண்டாம் எழுத்து ழகரமாகிய சொற்களைத் தேடும்படி சொன்னேன். மழை, பழம், விழா, குழல், கிழமை, தொழில் என்று தாள் நிறைந்தது. அதன் பின், ழகரம் இரு முறை வரும் சொல் உண்டா என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து அம்மாணவி 'பழமொழி' என்றாள். அது இரு சொல் கூடியது, செல்லாது என்றான் எதிரே இருந்த சிறுவன். 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய்ச் செல்கிறதே என்றாள் அவள். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.