நாயகனும் நம்ம தாராவியும்

மும்பைத் தமிழர்னு சொன்னதுமே ஊர்ப்பக்கம் கேட்கிற முதல் கேள்வி: "நாயகன் படத்துல வர்ற தாராவியா?" 1987 தீபாவளிக்கு வந்த மணிரத்னம் படம். அதில் நாம் பார்த்த தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். தோட்டா தரணிக்குத் தேசிய விருதே வாங்கித் தந்தது அந்தக் கைவண்ணம்.

கதைக்கு முன்மாதிரி வரதராஜ முதலியார். வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, கள்ளச்சாராயம், கடத்தல் என்று வளர்ந்தவர். மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் போட்ட கணபதி பந்தல் ரொம்பப் பிரசித்தம். படத்தில் வேலு நாயக்கர் கோர்ட் வாசலில் சுடப்பட்டுச் சாகிறார். நிஜத்தில் முதலியார் 1988 ஜனவரியில், சென்னையில், மாரடைப்பில் போனார். ஆள் சாகறதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடியே சினிமா அவருக்கு முடிவு எழுதிடுச்சு! அவரையும் சுட்டுத்தான் கொன்னாங்கன்னு சொல்றவங்களை நான் இன்னிக்கும் பார்க்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேற. தாராவி ஒரு தாதாவோட ஆரம்பிக்கலை. அவருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்டவங்க இருக்காங்க. குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா இருக்கு. 2018-ல் பா. ரஞ்சித்தின் காலா, நிலம் யாருக்குன்னு கேட்டது. நல்ல கேள்விதான். ஆனா அதைக் கேட்கவும் ஒரு ரஜினி வேண்டியிருந்தது.

தோல் ஷெட்டில் நின்ன ஆளுக்குப் படம் இல்லை. வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க: எந்த வருஷம் வந்தாங்க, யார் கூட்டிட்டு வந்தது, முதல் கூலி எவ்வளவு. இல்லேன்னா நம்ம பிள்ளைங்களுக்கு வேலு நாயக்கர்தான் தாத்தா.