ஒலிப்பதிவுக்கு ஒரு கணினி: தில்லை ஏட்டறையிலிருந்து தொடங்கும் கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒலிப்பதிவுக்கென்றே ஒரு கணினி வாங்கப் போகிறார்கள். ஓதுவார் பாடும் தேவாரம், நம் பக்கத்துத் தெருக்கூத்து, நடவுப் பாட்டு, பாட்டிமார் சொல்லும் ஒப்பாரி எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசை. கையில் இருக்கும் பணமோ அளவானது. "எந்தப் பிராசசர், எத்தனை ரேம், கிராபிக்ஸ் கார்டு வேணுமா சார்?" என்று பட்டியல் கேட்டார்கள். வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் வரலாறாகத்தானே பதில் வரும்!

முதலில் சிதம்பரத்துக்குப் போவோம். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறந்தபோது கரையான் புற்று மூடியிருந்ததையும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பலர் கவனிக்காமல் விடுவது அதன் பின்பாதி. எஞ்சிய ஏடுகளில் சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எப்படிப் பாடுவது என்பதை ஓலையில் எழுதி வைக்க வழி இல்லை. அதற்காகத் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்து வந்து பண்ணை வகுத்தார்கள் என்கிறது அந்தப் புராணம். அந்த ஊர் வேறெங்கும் இல்லை, நம் விருத்தாசலம் பக்கத்து ராஜேந்திரப்பட்டினம்தான்.

புராணத்தை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அதற்குள் இருக்கும் உண்மை கெட்டியானது. சொல்லை ஏடு காப்பாற்றும். ஓசையை ஒரு தொண்டைதான் காப்பாற்ற முடியும். அந்தப் பெண் இல்லாமல் போயிருந்தால் பண்ணும் போயிருக்கும்.

இந்த நிலைமை மாறியது 1877-இல். எடிசன் தகரத்தாளில் குரலைக் கீறிப் பதித்துத் திரும்பக் கேட்க வைத்தார். பத்து ஆண்டு கழித்து பெர்லினர் தட்டையான இசைத்தட்டைக் கொண்டு வந்தார். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். இந்திய இசைத்தட்டுக் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது.

அந்தக் காலக் கருவியில் மின்சாரம் கிடையாது. பெரிய கூம்புக் குழாய்க்குள் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாட வேண்டும். மெல்லிய குரலும் தம்பூராவின் நுண்ணிய ரீங்காரமும் தட்டில் ஏறாது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அரை மணி நேரம் விரியும் ராகம் மூன்று நிமிடத்துக்குள் மடங்கியது. எது பதிவாகும், எது விட்டுப்போகும் என்பதைப் பாடகரைவிட அதிகமாகக் கருவியே தீர்மானித்தது. 1925-இல் மைக் வைத்து மின்சாரத்தில் பதியும் முறை வந்த பிறகுதான் உரக்கக் கத்தாமல் பாடும் குரலுக்கும் தட்டில் இடம் கிடைத்தது.

நம் தில்லை நந்தனார் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் கே.பி.சுந்தராம்பாள், 1942-இல் எம்.எம்.தண்டபாணி தேசிகர் என இருவரும் திரையில் நந்தனாராகப் பாடினார்கள். தேசிகர் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். அவர் குரலை இன்றும் கேட்க முடிகிறது. அவருக்கு ஒரு தலைமுறை முன்பு நம் ஊர்களில் நந்தனார் சரித்திரம் பாடிய எத்தனையோ பேரின் குரல் எப்படி இருந்தது என்று கேட்க வழியே இல்லை. திறமையில் குறைந்ததால் அல்ல. அவர்கள் முன்னால் கருவி வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நாடா வந்தது. 1963-இல் பிலிப்ஸ் கேசட்டை வெளியிட்டது. எண்பதுகளில் அது நம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இசைத்தட்டு நிறுவனம் தேடி வராத கூத்துக்காரரும் ஓதுவாரும் முதல் முறையாகப் பதிவானது கேசட்டில்தான். மூன்று நிமிடக் கட்டுப்பாடு தொண்ணூறு நிமிடமாக விரிந்தது. ஆனால் நாடாவுக்கும் கரையான் உண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பேட்டரி இறங்கினால் வேகம் மாறிச் சுருதியே மாறிப்போகும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும்.

கணினி இந்தக் கதைக்குள் எப்போது நுழைந்தது? 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மாத்யூஸ் ஐ.பி.எம். 704 கணினியைக் கொண்டு 17 விநாடி இசையை உருவாக்கினார். ஓசையை எண்ணாக மாற்றலாம், எண்ணை மறுபடி ஓசையாக்கலாம் என்பது உறுதியானது. எண்ணுக்குப் பூஞ்சை பிடிக்காது. நூறாவது பிரதியும் முதல் பிரதி போலவே இருக்கும். 1982-இல் சி.டி. வந்தபோது விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று அளவு வைத்தார்கள். அது ஏன் 45,000 ஆக இல்லை? அப்போது இத்தனை எண்ணைத் தாங்கக்கூடியது வீடியோ நாடாதான். ஒரு வரிக்கு 3 மாதிரி, 245 வரி, விநாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். சேமிப்புக் கருவிதான் அங்கேயும் அளவைச் சொன்னது.

அந்தக் காலத்தில் இடம் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு. சி.டி. தரத்தில் ஒரு விநாடி ஓசைக்கு 1,76,400 பைட் வேண்டும். 1.44 எம்.பி. பிளாப்பியில் எட்டு விநாடிதான் அடங்கும். ஒரு ஆலாபனையின் முதல் மூச்சுகூட முடியாது.

1986-இல் இளையராஜா 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களுக்குக் கணினி வழி இசை அமைத்தார் என்பது அன்றைக்கே பெரிய பேச்சு. 1992-இல் 'ரோஜா'. ஏ.ஆர்.ரஹ்மான் அதன் இசையைக் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு இருந்த பஞ்சதன் ஒலிக்கூடத்தில் உருவாக்கினார். பெரிய ஸ்டூடியோ கூடம் இல்லாமலும் தேசிய விருது வாங்கும் தரம் வரும் என்று நாடு தெரிந்துகொண்டது. அதே காலத்தில், 1991-இல், டிஜிடிசைன் நிறுவனத்தின் புரோ டூல்ஸ் நான்கு தடங்களோடு வந்தது. அன்றைய பிராசசரால் இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. அதற்கென்று தனி அட்டை செருக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கோ சூடு ஏறினால் தன்னைச் சரிசெய்துகொள்ள நடுவில் ஒரு கணம் நிற்கும். கடிதம் அடிப்பவருக்கு அது தெரியாது. பாட்டைப் பதிபவருக்கு அந்தக் கணத்தில் ஒரு சொல் போய்விடும். நிற்காமல் ஓடும் தனி டிஸ்க்குகளை அதற்காகவே விற்றார்கள்.

1997-இல் ஸ்டெயின்பெர்க் 'ஆசியோ' என்ற முறையைக் கொண்டுவந்து, கணினிக்குள் ஓசை போய்த் திரும்பும் தாமதத்தைக் குறைத்தது. இதையும் கணக்காகப் பார்ப்போம். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் கணினி, 256 மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டு அனுப்பினால் தாமதம் சுமார் 5 மில்லிவிநாடி. காற்றில் ஓசை இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்யும் நேரம் அது. பக்கத்தில் மிருதங்கக்காரர் உட்கார்ந்திருப்பது போல. 1,024 மாதிரி என்றால் 21 மில்லிவிநாடி. மிருதங்கக்காரர் ஏழு மீட்டர் தள்ளிப் போய்விடுவார். ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுபவருக்குத் தாளம் தடுமாறும்.

இவ்வளவையும் சொன்னது எதற்கு? ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு பாகம் எது நிற்கும், எது போகும் என்று தீர்மானித்தது. கூம்பு, தட்டின் நீளம், நாடா, டிஸ்க், தாமதம். இன்றைக்கு அந்தப் பாகம் எது என்று கண்டுபிடித்து, பணத்தை அங்கே போட வேண்டும். பிள்ளைகளே, இனி உங்கள் பட்டியல்.

பிராசசர்: இரண்டிலிருந்து எட்டு மைக் வரை பதிவதற்கு இன்றைய நடுத்தர விலைப் பிராசசரே தாராளம். 1991-இன் தடை இப்போது இல்லை.

ரேம்: 16 ஜி.பி. போதும். கணினிக்குள்ளேயே வயலின் கூட்டம், வீணை எல்லாம் வாசிக்க வைக்கும் இசையமைப்பாளருக்குத்தான் 32-க்கு மேல் தேவை.

கிராபிக்ஸ் கார்டு: வேண்டாம். பதிவுக்கு அதனால் பயன் இல்லை. அதன் விசிறி போடும் சத்தம் மைக்கில் ஏறும். பெட்டிக்குப் பெரிய, மெதுவாகச் சுற்றும் விசிறி வையுங்கள்.

சவுண்டு இன்டர்பேஸ்: பணம் போக வேண்டிய இடம் இதுவும் மைக்கும்தான். 24 பிட்டில் பதியட்டும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கட்டும். 16 பிட்டில் மெல்லிய ஓசைக்கும் பெரிய ஓசைக்கும் இடைவெளி 96 டெசிபல். 24 பிட்டில் கணக்குப்படி 144. தவில் அடி எகிறினாலும் உடையாதபடி அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஓதுவாரின் மெல்லிய இழுப்பையும் இரைச்சல் இல்லாமல் பிடிக்கலாம். இணைப்பு யூ.எஸ்.பி.யாக இருக்கட்டும். ஒரு காலத்தில் ஃபயர்வயர் இன்டர்பேஸ்தான் உசத்தி. கருவி இன்னும் நன்றாக ஓடுகிறது, புதுக் கணினியில் அதைச் செருகத் துளை இல்லை.

மின்சாரம்: நம் ஊரில் பலர் மறப்பது இது. எர்த் சரியில்லாத வீட்டில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்ற ஓசை எல்லாப் பதிவிலும் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இன்னும் மோசம். சைன் வேவ் வாங்குங்கள். கூத்துக் களத்துக்கும் பாட்டி வீட்டுக்கும் மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. என் யோசனை, ஒரு நல்ல லேப்டாப். பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் அந்த ஓசை ஒழியும். பதியும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். இடையில் வரும் சில 'டிக் டிக்' அதனால்தான்.

சேமிப்பு: பதிவதற்கு எஸ்.எஸ்.டி.; சத்தம் இல்லை, நிற்பதும் இல்லை. 24 பிட், 48,000 மாதிரி என்றால் ஒரு மைக்குக்கு மணிக்குச் சுமார் 520 எம்.பி. நான்கு மைக் வைத்து எட்டு மணி நேரக் கூத்தைப் பதிந்தால் 17 ஜி.பி.க்குள் அடங்கும். 1 டி.பி.யில் அறுபது இரவுக் கூத்து! எம்பி3-ஆகப் பதியாதீர்கள், அது காதுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதை வெட்டி எறியும், பிறகு ஒட்ட முடியாது. வேவ் கோப்பாக வையுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது என்பதால் கட்டம் மாறும்போது நிறுத்தித் தொடங்குங்கள்.

ஆனால் எஸ்.எஸ்.டி.யை ஆண்டுக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் அலமாரியில் வைத்தால் பதிந்தது அழியலாம். நெடுநாள் காப்புக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், இரண்டையும் வேறு வேறு ஊரில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததையும், 2015-இல் வெள்ளம் புகுந்ததையும் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஒன்று புவனகிரியில் இருந்தால் மற்றொன்று வெள்ளாறு எட்டாத ஊரில் இருக்கட்டும். தில்லையில் ஒரே அறையில் பூட்டி வைத்ததன் விலை நமக்குத் தெரியும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது யார் பாடியது, எந்த ஊர், எந்தத் தேதி, என்ன பண் அல்லது எந்தக் கூத்து என்று எழுதுங்கள். 'ரெக்கார்டிங் 14' என்று இருந்தால் இருபது ஆண்டு கழித்து அது யாருக்கும் உதவாது. பாடுபவரிடம் அனுமதி கேளுங்கள், அவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. புது மாடல் வரட்டும், விலை இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கணினி அடுத்த தீபாவளிக்கும் கடையில் இருக்கும். நடவுப் பாட்டு முழுதாகத் தெரிந்த பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பட்டியலில் பாதிதான் கையில் இருந்தாலும், இந்தத் தைக்குள் போய் உட்காருங்கள்.

நம் பகுதியில் யார் வீட்டிலாவது பழைய கூத்து, தேவாரம், வில்லுப்பாட்டு கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள், கணினியில் ஏற்றிப் பத்திரமாகத் திருப்பித் தருவார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், புவனகிரி